இதய நோயாளிகளுக்கான உடற்பயிற்சி

இதய நோயாளிகளுக்கான உடற்பயிற்சி என்பது மாரடைப்பு, நெஞ்சுவலி, இதயச் செயலிழப்பு போன்ற நோய்களுக்கு ஆளானவர்களும், இதயத் தமனிகளில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர்களும், பைபாஸ் அறுவை மருத்துவம் செய்துகொண்டவர்களும் மருத்துவ அறிவுரையின்படி அளவறிந்து மேற்கொள்ளும் உடல் இயக்கம் ஆகும். இது இதய மறுவாழ்வு எனப்படும் மருத்துவத் திட்டத்தின் மையக் கூறு ஆகும். உணவு முறை, புகைத்தலைக் கைவிடல், மருந்துகளை ஒழுங்காக உட்கொள்ளல், மன நலம் ஆகியன அத்திட்டத்தின் பிற கூறுகள்.

இதயம் பழுதுபட்டவர் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்பதே 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மருத்துவ உலகின் பொது விதியாக இருந்தது. இன்றைய அறிவு அதற்கு நேர்மாறானது. நிலையான உடல்நிலையை அடைந்த பெரும்பாலான இதய நோயாளிகளுக்கு நீண்ட ஓய்வு தீங்கானது. படிப்படியாகக் கூட்டப்படும் இயக்கம் நன்மையானது. உடற்பயிற்சி உடலின் உழைப்புத் திறனைக் கூட்டுவதோடு, நோய்க்குக் காரணமான பல இடர்க் காரணிகளை ஒரே நேரத்தில் சிறிது சிறிதாகக் குறைக்கிறது. எனினும் அது மருந்துகளுக்கு மாற்று அன்று. அவற்றுடன் சேர்ந்து செயற்படுவது.

வரலாறு

படுக்கை ஓய்வுக் காலம்

உழைப்பு இதய நோயாளிக்கு உதவக்கூடும் என்னும் எண்ணம் புதியதன்று. நெஞ்சுவலி நோயை முதன்முதலில் தெளிவாக விவரித்த ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் (1710–1801), நாள்தோறும் அரை மணி நேரம் மரம் அறுத்து வந்த ஒரு நோயாளி ஏறத்தாழ முற்றிலும் குணமடைந்ததைக் குறித்து வைத்துள்ளார். ஆனால் இக்குறிப்பு நெடுங்காலம் மருத்துவ நடைமுறையைப் பாதிக்கவில்லை.

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மாரடைப்புக்கு ஆளானவர் ஆறு வாரங்கள், சில வேளைகளில் அதற்கும் மேலாக, படுக்கையிலேயே வைக்கப்பட்டார். உணவைச் செவிலியரே ஊட்டினர். தானாகப் புரண்டு படுப்பதும் தடுக்கப்பட்டது. இவ்விதிக்கு ஓர் அறிவியல் அடிப்படையும் இருந்தது. மாரடைப்பில் இறந்த இதயத் தசை உறுதியான தழும்பாக மாற ஏறத்தாழ ஆறு வாரங்கள் ஆகும் என்று 1939இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அதற்குமுன் இதயத்துக்கு வேலை கொடுத்தால் பலவீனமான சுவர் கிழிந்துவிடும் என்று மருத்துவர்கள் அஞ்சினர்.

தழும்பு பற்றிய கணக்கு சரியானதே. ஆனால் படுக்கையின் விலை கணக்கில் எடுக்கப்படவில்லை. அசையாமல் கிடந்த கால்களின் நாளங்களில் குருதி உறைந்தது. அவ்வுறைகட்டிகள் நுரையீரலை அடைந்து உயிரைப் பறித்தன. தசைகள் மெலிந்தன. அடி எடுத்து வைத்தாலே இறந்துவிடுவோம் என்னும் அச்சம் நோயாளியின் மனத்தில் வேரூன்றியது. உயிர் பிழைத்தவர்களுள் பலர் வேலைக்குத் திரும்பவில்லை.

நாற்காலி மருத்துவம்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சாமுவேல் லெவைன், பெர்னார்டு லௌன் என்னும் இரு மருத்துவர்கள் இவ்விதியை மீறினர். அவர்கள் மாரடைப்பு நோயாளிகளைத் தொடக்க நாட்களிலேயே படுக்கையிலிருந்து எழுப்பி நாற்காலியில் அமரவைத்தனர். உட்கார்ந்திருக்கும்போது கால்களில் குருதி தங்குவதால் இதயத்துக்குத் திரும்பும் குருதியின் அளவு குறைகிறது. எனவே படுத்திருப்பதைவிட அமர்ந்திருப்பதே இதயத்துக்கு இளைப்பாறல் என்பது லெவைனின் வாதம். 81 நோயாளிகளிடம் கண்ட பயன்களை அவர்கள் 1952இல் வெளியிட்டனர். தொடக்கத்தில் சக மருத்துவர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. ஆயினும் சில ஆண்டுகளில் படுக்கை ஓய்வுக் காலம் எங்கும் குறையத் தொடங்கியது.

1955 செப்டம்பரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் டுவைட் ஐசனாவர் மாரடைப்புக்கு ஆளானார். அவருக்கு ஆலோசனை வழங்கிய இதய மருத்துவர் பால் டட்லி வைட், நடைக்கும் மிதிவண்டிப் பயணத்துக்கும் பெரும் ஆதரவாளர். ஐசனாவர் பணிக்குத் திரும்பி, 1956இல் மீண்டும் தேர்தலில் வென்றார். மாரடைப்பு வந்தவரின் வாழ்க்கை முடிந்துவிடுவதில்லை என்பதை இந்நிகழ்வு பொதுமக்களுக்கு உணர்த்தியது.

ஓட்டுநரும் நடத்துநரும்

இதே காலப்பகுதியில், இயக்கத்துக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பை இலண்டன் பேருந்துகளில் தேடினார் ஜெரி மோரிசு என்னும் மருத்துவ ஆய்வாளர். இலண்டனின் ஈரடுக்குப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருப்பார். நடத்துநரோ பயணச்சீட்டு வழங்குவதற்காக நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் ஏறி இறங்குவார். ஏறத்தாழ 31,000 போக்குவரத்துப் பணியாளர்களை ஒப்பிட்ட மோரிசு, நடத்துநர்களிடம் இதயத் தமனி நோய் குறைவாகவும், வந்தாலும் தீவிரம் குறைந்ததாகவும் இருப்பதை 1953இல் வெளியிட்டார்.

மோரிசு இத்துடன் நின்றுவிடவில்லை. இரு பிரிவினருக்கும் வழங்கப்பட்ட சீருடைகளின் இடுப்பளவைப் பார்த்தபோது, ஓட்டுநர்கள் பணியில் சேரும்போதே பருமனாக இருந்தது தெரியவந்தது. இதை அவரே 1956இல் வெளியிட்டார். அதாவது, வேறுபாடு முழுவதும் படிகளால் விளைந்ததா, அல்லது முன்னரே இருந்த உடல் வேறுபாட்டாலும் விளைந்ததா என்னும் வினா எழுந்தது. உடல் இயக்கம் பற்றிய ஆய்வுகளைப் படிக்கும் எவரும் இவ்வினாவை மறத்தலாகாது. நலமானவர்களே கூடுதலாக நடக்கின்றனரா, நடப்பதால் நலம் பெறுகின்றனரா என்பதைக் கவனிப்பு ஆய்வுகளால் மட்டும் முழுமையாகப் பிரித்தறிய இயலாது.

டாலசு ஆய்வு

ஓய்வு உடலுக்கு என்ன செய்கிறது என்பதை 1966இல் அமெரிக்காவின் டாலசு நகரில் நடந்த ஆய்வு அளந்து காட்டியது. 20 வயதான ஐந்து இளைஞர்கள் மூன்று வாரங்கள் படுக்கையில் வைக்கப்பட்டனர். அவர்களுடைய உடல் உச்ச அளவில் பயன்படுத்தக்கூடிய ஆக்சிசனின் அளவு கால் பங்குக்கும் சற்று அதிகமாகக் குறைந்தது. பின்னர் அளிக்கப்பட்ட கடும் பயிற்சி அவ்விழப்பை ஈடுசெய்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின் அதே ஐவரையும் மீண்டும் சோதித்தபோது, முப்பது ஆண்டு முதுமை அவர்களுடைய திறனைக் குறைத்ததைவிட, அன்றைய மூன்று வாரப் படுக்கை கூடுதலாகக் குறைத்திருந்தது என்பது தெரியவந்தது. நலமான இளைஞருக்கே இந்நிலை என்றால், இதயம் பழுதான முதியவர் ஆறு வாரங்களில் எவ்வளவு இழந்திருப்பார் என்பதை ஊகிக்கலாம்.

1964இல் உலக சுகாதார அமைப்பின் வல்லுநர் குழு இதய நோயாளிகளின் மறுவாழ்வு குறித்து அறிக்கை வெளியிட்டது. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் எர்மன் எல்லர்சுடைன், கனடாவின் டொராண்டோவில் டெரன்சு கவனா ஆகியோர் முறைப்படியான பயிற்சித் திட்டங்களை வளர்த்தனர். கவனாவிடம் பயிற்சி பெற்று மாரடைப்பிலிருந்து மீண்ட சிலர் 1973இல் பாஸ்டன் மராத்தான் ஓட்டத்தில் கலந்துகொண்டனர்.

இடர்க் காரணிகள்

ஒரு நோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் இயல்பு அல்லது பழக்கம் இடர்க் காரணி எனப்படும். அமெரிக்காவின் பிராமிங்காம் என்னும் ஊரில் 1948இல் 5,209 பேருடன் தொடங்கிய நெடுங்கால ஆய்வே இக்கருத்தை மருத்துவத்தில் நிலைநிறுத்தியது. வயது, பால், குடும்ப வரலாறு ஆகியன மாற்ற இயலாதவை. உயர் குருதி அழுத்தம், புகைத்தல், குருதிக் கொழுப்பு, நீரிழிவு, உடற்பருமன், மன அழுத்தம், உடல் இயக்கமின்மை ஆகியன மாற்றக்கூடியவை.

2004இல் வெளிவந்த இண்டர்ஹார்ட் ஆய்வு 52 நாடுகளில் மாரடைப்பு வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டது. முதல் மாரடைப்புக்கான இடரில் 90 விழுக்காட்டுக்கும் மேலானதை ஒன்பது காரணிகளே விளக்குகின்றன என்பது அதன் முடிவு. ஒழுங்கான உடல் இயக்கம் அவற்றுள் காப்புக் காரணியாக அமைந்தது.

மாரடைப்பு வந்தபின் இக்காரணிகள் மறைந்துவிடுவதில்லை. அடைப்பை நீக்கி ஸ்டென்ட் பொருத்துவது ஒரு தமனியின் ஓரிடத்தைச் சீர்செய்கிறது. அடைப்பை உண்டாக்கிய நோயோ எல்லாத் தமனிகளிலும் தொடர்கிறது. எனவே அடுத்த மாரடைப்பைத் தடுப்பது இடர்க் காரணிகளைக் குறைப்பதையே சார்ந்துள்ளது. உடற்பயிற்சி ஒவ்வொன்றையும் எந்த அளவு மாற்றுகிறது என்பது கீழே தரப்படுகிறது.

குருதி அழுத்தம்: உயர் குருதி அழுத்தம் உள்ளவர்களிடம் ஒழுங்கான நடை, மிதிவண்டி போன்ற பயிற்சிகள் மேல் அழுத்தத்தை ஏறத்தாழ 5 முதல் 8 மி.மீ. பாதரசம் வரை குறைக்கின்றன. இது சிறிய எண்ணாகத் தோன்றினாலும், ஒரு மருந்தின் விளைவோடு ஒப்பிடத்தக்கது.

குருதிக் கொழுப்பு: நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். சராசரியாக ஒரு டெசிலிட்டருக்கு 2.5 மில்லிகிராம் அளவே கூடுகிறது. டிரைகிளிசரைடு குறைகிறது. ஆனால் கெட்ட கொழுப்பான எல்.டி.எல். மீது பயிற்சியின் விளைவு மிகக் குறைவு. ஸ்டாட்டின் வகை மருந்துகளை நடைப்பயிற்சியால் ஈடுசெய்ய இயலாது என்பதற்கு இதுவே காரணம்.

நீரிழிவு: இயங்கும் தசை, இன்சுலினின் உதவியின்றியும் குருதியிலிருந்து குளுக்கோசை உள்வாங்கக்கூடியது. பயிற்சிக்குப் பின் பல மணி நேரம் வரை இன்சுலினின் செயற்பாடும் மேம்பட்டிருக்கும். இரண்டாம் வகை நீரிழிவில், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. அளவு ஏறத்தாழ 0.7 விழுக்காட்டுப் புள்ளி குறைகிறது.

உடல் எடை: உணவைக் குறைக்காமல் பயிற்சியால் மட்டும் இழக்கும் எடை குறைவே. எனினும் எடை குறையாவிடினும் வயிற்றின் உட்கொழுப்பு குறைகிறது; மேற்கூறிய பயன்களும் கிடைக்கின்றன. எடை இறங்கவில்லை என்று பயிற்சியைக் கைவிடுவது தவறு.

மனநிலை: மாரடைப்புக்குப் பின் மனச்சோர்வும் அச்சமும் பரவலாகக் காணப்படுகின்றன. கண்காணிப்பின்கீழ் இயங்கிப் பார்த்து, எதுவும் நேரவில்லை என்று அறிவதே பலருக்கு முதல் மருந்தாகிறது.

உடற்பயிற்சி செயற்படும் முறை

உடலின் உழைப்பை அளக்க 'மெட்' என்னும் அலகு பயன்படுகிறது. அமைதியாக அமர்ந்திருக்கும்போது ஒரு கிலோகிராம் உடல் எடைக்கு நிமிடத்துக்கு 3.5 மி.லி. ஆக்சிசன் செலவாகிறது என்று கொள்வதே 1 மெட் ஆகும். 70 கிலோகிராம் எடையுள்ளவருக்கு இது நிமிடத்துக்கு 245 மி.லி. மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் நடப்பது ஏறத்தாழ மூன்றரை மெட். மாடிப்படி ஏறுவது நான்கு மெட்டும் அதற்கு மேலும்.

ஒருவருடைய உச்சத் திறன் 5 மெட் எனில், 4 மெட் தேவைப்படும் மாடிப்படி அவரது திறனில் 80 விழுக்காட்டை விழுங்குகிறது. அவருக்கு மூச்சு வாங்குகிறது. பயிற்சியால் உச்சத் திறன் 8 மெட்டாக உயர்ந்தால் அதே படி 50 விழுக்காடே ஆகிறது. படி மாறவில்லை, ஏறுபவர் மாறியிருக்கிறார். இதயம் அதே வேலையைக் குறைந்த துடிப்பிலும் குறைந்த அழுத்தத்திலும் செய்வதால் அதன் ஆக்சிசன் தேவையும் குறைகிறது. நெஞ்சுவலி தோன்றும் எல்லை விலகிச் செல்கிறது.

இம்மேம்பாட்டின் பெரும்பகுதி இதயத்துக்கு வெளியே நிகழ்கிறது என்பது குறிப்பிடத்தக்கது. பயிற்சி பெற்ற தசை, வரும் குருதியிலிருந்து கூடுதல் ஆக்சிசனைப் பிரித்தெடுக்கிறது. விரைந்து ஓடும் குருதி, தமனியின் உட்படலத்தை உரசித் தூண்டுவதால் அங்கு நைட்ரிக் ஆக்சைடு கூடுதலாகச் சுரக்கிறது. குழாய்கள் எளிதில் விரிகின்றன. ஓய்வுநிலைத் துடிப்பு வீதம் குறைகிறது. இதயத்தைத் தூண்டும் நரம்புகளின் ஆதிக்கம் தணிந்து, அமைதிப்படுத்தும் நரம்புகளின் பங்கு கூடுகிறது. ஆனால் இறந்துபோன இதயத் தசையைப் பயிற்சி உயிர்ப்பிப்பதில்லை.

ஆய்வுச் சான்றுகள்

பயிற்சித் திறனுக்கும் வாழ்நாளுக்கும் உள்ள தொடர்பை 2002இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. டிரெட்மில் சோதனைக்கு வந்த 6,213 ஆண்களைத் தொடர்ந்து கவனித்ததில், திறன் ஒவ்வொரு மெட் கூடும்போதும் உயிர்வாழும் வாய்ப்பு 12 விழுக்காடு மேம்பட்டிருந்தது. இதய நோய் உள்ளவர், இல்லாதவர் ஆகிய இரு பிரிவினரிடமும் திறனே வலுவான முன்னறிகுறியாக இருந்தது.

நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் இரு பிரிவாக்கி ஒப்பிடும் ஆய்வுகளே கூடுதல் நம்பகமானவை. 1988, 1989 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த இரு ஆய்வுத் தொகுப்புகள், மாரடைப்புக்குப் பின் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தவர்களிடம் இறப்பு 20 முதல் 25 விழுக்காடு வரை குறைவாக இருந்ததாகக் கண்டன.

2023இல் வெளிவந்த தொகுப்பு 85 ஆய்வுகளையும் 23,430 நோயாளிகளையும் உள்ளடக்கியது. இதன்படி இதய நோயால் ஏற்படும் இறப்பு 26 விழுக்காடும், மருத்துவமனையில் சேர்க்கப்படுதல் 23 விழுக்காடும், மாரடைப்பு 18 விழுக்காடும் குறைந்தன. ஆனால் எல்லாக் காரணங்களாலும் ஏற்படும் மொத்த இறப்பில் தெளிவான குறைவு காணப்படவில்லை. ஸ்டாட்டின் மருந்துகள், அவசர அடைப்பு நீக்கம் போன்றவை இறப்பை முன்னரே பெருமளவு குறைத்துவிட்டதால், பயிற்சியின் தனிப் பங்கு முன்போல் பெரிதாகத் தெரியவில்லை என்று கருதப்படுகிறது. பயிற்சி ஆயுளை உறுதியாக நீட்டும் என்பதைவிட, இதய நோயால் இறக்கும் வாய்ப்பையும் மருத்துவமனைக்குத் திரும்பும் வாய்ப்பையும் குறைத்து, வாழும் நாட்களின் தரத்தைக் கூட்டும் என்பதே இன்றைய சான்றுகளுக்குப் பொருந்தும் கூற்று.

செருமனியின் லைப்சிக் நகரில் நடந்து 2004இல் வெளிவந்த ஆய்வும் இங்கு குறிப்பிடத்தக்கது. நிலையான நெஞ்சுவலி உள்ள 101 ஆண்களுள் ஒரு பிரிவினருக்கு ஸ்டென்ட் பொருத்தப்பட்டது; மறுபிரிவினர் ஓராண்டு நாள்தோறும் 20 நிமிடங்கள் மிதிவண்டிப் பயிற்சி செய்தனர். ஆண்டிறுதியில் புதிய இதயச் சிக்கல் எதுவும் நேராதவர்கள் பயிற்சிப் பிரிவில் 88 விழுக்காடும், ஸ்டென்ட் பிரிவில் 70 விழுக்காடும் ஆவர். இது சிறிய ஆய்வு. நிலையான நோயாளிகளுக்கு மட்டுமே பொருந்துவது. மாரடைப்பு நேரும் வேளையில் உடனடி அடைப்பு நீக்கத்துக்கு மாற்று எதுவும் இல்லை.

பயிற்சியின் கட்டங்கள்

முதற் கட்டம் மருத்துவமனையிலேயே தொடங்குகிறது. நோயாளி கட்டில் விளிம்பில் அமர்கிறார். பின் கழிவறைக்கு நடக்கிறார். பின் தாழ்வாரத்தில் நடக்கிறார். வீடு திரும்புமுன் சில படிகளை ஏறிப் பார்ப்பதும் உண்டு.

இரண்டாம் கட்டம் வீடு திரும்பிய சில வாரங்களில் தொடங்குகிறது. பொதுவாக 8 முதல் 12 வாரங்கள், வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாட்கள், இதய மின்னலையையும் குருதி அழுத்தத்தையும் கண்காணித்தவாறு பயிற்சி அளிக்கப்படுகிறது. அமெரிக்காவில் இது 36 அமர்வுகளைக் கொண்டது.

மூன்றாம் கட்டம் வாழ்நாள் முழுவதும் தொடர்வது. பயிற்சியின் பயன்கள் சேமித்து வைக்கக்கூடியவை அல்ல. நிறுத்திய சில வாரங்களிலேயே குறையத் தொடங்குகின்றன.

பயிற்சியின் அளவு

மருந்தைப் போலவே பயிற்சியும் அளவோடு எழுதித் தரப்படுகிறது. எத்தனை நாட்கள், எவ்வளவு கடுமை, எவ்வளவு நேரம், எவ்வகை ஆகிய நான்கும் அதில் இடம்பெறும். உலக சுகாதார அமைப்பின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல், நீடித்த நோயுள்ள பெரியவர்கள் உட்பட, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான இயக்கத்தைப் பரிந்துரைக்கிறது. இவ்வளவு இயலாதவர்களும் இயன்ற அளவு செய்தால் பயனுண்டு என்றும் அது கூறுகிறது. நோயாளி ஐந்து அல்லது பத்து நிமிட நடையிலிருந்து தொடங்கி, பல வாரங்களில் இவ்வளவை அடையலாம்.

ஓர் அமர்வில் மூன்று பகுதிகள் உண்டு. முதலில் 5 முதல் 10 நிமிடங்கள் மெதுவான தயார்நிலைப் பயிற்சி. பின்னர் 20 முதல் 40 நிமிடங்கள் முதன்மைப் பயிற்சி. இறுதியில் 5 முதல் 10 நிமிடங்கள் படிப்படியாகத் தணிதல். இறுதிப் பகுதியைத் தவிர்க்கக்கூடாது. விரிந்த குருதிக் குழாய்களோடு திடீரென நின்றுவிட்டால் குருதி கால்களில் தங்கி, அழுத்தம் வீழ்ந்து, மயக்கம் வரலாம்.

கடுமையை அளக்கும் முறைகள் மூன்று:

துடிப்பு வீதம்: சோதனையில் கண்ட உச்சத் துடிப்பிலிருந்து ஓய்வுநிலைத் துடிப்பைக் கழித்தால் கிடைப்பது துடிப்பு இருப்பு. அதில் 40 முதல் 60 விழுக்காட்டை ஓய்வுநிலைத் துடிப்புடன் கூட்டினால் மிதமான பயிற்சிக்குரிய எல்லை கிடைக்கும். எடுத்துக்காட்டாக, ஓய்வில் 70, உச்சத்தில் 130 எனில், இருப்பு 60. எனவே எல்லை நிமிடத்துக்கு 94 முதல் 106 வரை. 220இலிருந்து வயதைக் கழிக்கும் பரவலான சூத்திரம் இங்கு உதவாது. பல இதய நோயாளிகள் உட்கொள்ளும் பீட்டா தடுப்பி மருந்துகள் துடிப்பைத் தாழ்த்திவிடுவதால், அச்சூத்திரம் தரும் இலக்கை எட்ட முயல்வது தீங்கு தரலாம்.

உணர்வளவு: சுவீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் போர்க் வகுத்த அளவுகோல் 6 முதல் 20 வரையிலான எண்களைக் கொண்டது. 11 எளிது, 13 சற்றுக் கடினம். இதய நோயாளிகளுக்குப் பெரும்பாலும் 11 முதல் 14 வரை பரிந்துரைக்கப்படுகிறது.

பேச்சுச் சோதனை: கருவி எதுவும் வேண்டாத முறை. நடக்கும்போது முழு வாக்கியங்களில் பேச முடிந்தால் கடுமை பொருத்தமானது. ஒரு வாக்கியத்தை முடிக்கவே மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் வாரத்துக்கு இருமுறை சேர்க்கப்படுகிறது. 10 முதல் 15 முறை தூக்கக்கூடிய இலேசான எடையே போதும். தூக்கும்போது மூச்சை அடக்கக்கூடாது. அடக்கினால் குருதி அழுத்தம் திடீரென உயரும். பைபாஸ் அறுவைக்குப் பின் மார்பெலும்பு ஆறும்வரை, ஏறத்தாழ மூன்று மாதங்கள், கனமான பொருட்களைத் தூக்குவது தவிர்க்கப்படுகிறது, நடைக்குத் தடையில்லை.

பாதுகாப்பு

கண்காணிப்பின்கீழ் நடக்கும் பயிற்சியில் ஆபத்து மிகக் குறைவு. அமெரிக்காவின் 167 மறுவாழ்வு மையங்களை ஆராய்ந்து 1986இல் வெளிவந்த கணக்கெடுப்பின்படி, ஏறத்தாழ 1,12,000 பயிற்சி மணி நேரத்துக்கு ஒரு முறை இதய நிறுத்தமும், ஏறத்தாழ 7,84,000 மணி நேரத்துக்கு ஓர் இறப்பும் நேர்ந்தன. மையங்களில் உடனடி உயிர்காப்பு வசதி இருந்ததால் இதயம் நின்றவர்களுள் பெரும்பாலோர் காப்பாற்றப்பட்டனர்.

ஆபத்து பழக்கமில்லாத திடீர்க் கடும் உழைப்பில் உள்ளது. 1993இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, கடும் உழைப்பை அடுத்த ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு வழக்கமான நிலையைவிட எத்தனை மடங்கு என்று கணக்கிட்டது. வழக்கமாக இயங்காதவர்களுக்கு இது 107 மடங்கு. வாரத்தில் ஐந்து முறையோ கூடுதலாகவோ பயிற்சி செய்வோருக்கு 2.4 மடங்கு மட்டுமே. மாதக்கணக்கில் அமர்ந்திருந்துவிட்டு ஒருநாள் திடீரென ஓடுவது கூடாது என்பதற்கும், ஒழுங்கான பயிற்சியே காப்பு என்பதற்கும் இவ்விரு எண்களே சான்று.

பின்வரும் நிலைகளில், அவை மருத்துவத்தால் கட்டுப்படும்வரை, பயிற்சி செய்யலாகாது:

ஓய்விலும் வரும் அல்லது நாளுக்கு நாள் கூடும் நெஞ்சுவலி
கட்டுப்படாத இதயத் துடிப்பு ஒழுங்கின்மை
மூச்சுத்திணறலும் கால் வீக்கமும் மிகுந்த இதயச் செயலிழப்பு
நோய் அறிகுறிகளுடன் கூடிய கடுமையான பெருந்தமனி வால்வுச் சுருக்கம்
இதயத் தசை அல்லது இதய உறை அழற்சி
மிக உயர்ந்த, கட்டுப்படாத குருதி அழுத்தம்
காய்ச்சல்

பயிற்சியின்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், தலைசுற்றல், குளிர் வியர்வை, துடிப்புத் தடுமாற்றம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே நிறுத்தி அமர வேண்டும். மருத்துவர் நைட்ரோகிளிசரின் மாத்திரை தந்திருந்தால் அதை நாவின் கீழ் வைத்துக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிடங்களில் வலி தணியாவிடில் அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கான எண் 108, இலங்கையில் 1990.

தெற்காசியாவில்

இண்டர்ஹார்ட் ஆய்வின் தெற்காசியப் பகுதி 2007இல் தனியாக வெளியிடப்பட்டது. இதில் இந்தியா, இலங்கை, பாக்கித்தான், வங்காளதேசம், நேபாளம் ஆகிய நாடுகள் அடங்கும். இங்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வந்தது. பிற நாடுகளில் 58.8 வயதில். மாரடைப்பு வராத ஒப்பீட்டுப் பிரிவினரிலும், ஓய்வு நேரத்தில் மிதமான அல்லது கடுமையான பயிற்சி செய்வோர் தெற்காசியாவில் 6.1 விழுக்காடே, பிற நாடுகளில் 21.6 விழுக்காடு. முன்னதாகவே நோய் வருவதற்குக் காரணம் தனி மரபியல்பு என்பதைவிட, இளவயதிலேயே கூடியிருக்கும் இதே இடர்க் காரணிகள் என்பது அவ்வாய்வின் முடிவு.

கருவிகளும் கண்காணிப்பும் கொண்ட மையங்கள் எல்லோருக்கும் எட்டாத நிலையில், யோகாவை அடிப்படையாகக் கொண்ட மறுவாழ்வு இந்தியாவில் சோதிக்கப்பட்டது. 24 மருத்துவமனைகளில் 3,959 மாரடைப்பு நோயாளிகள் பங்கேற்ற இவ்வாய்வின் முடிவுகள் 2020இல் வெளிவந்தன. 12 வார யோகாத் திட்டத்தில் சேர்ந்தோர் தம் உடல்நலத்தைக் கூடுதலாக மதிப்பிட்டனர். மாரடைப்புக்கு முந்தைய வேலைகளுக்கு எளிதில் திரும்பினர். ஆனால் இறப்பு, மாரடைப்பு போன்ற பெரும் நிகழ்வுகளில் இரு பிரிவினருக்கும் இடையே புள்ளியியல் அடிப்படையில் உறுதியான வேறுபாடு காணப்படவில்லை.

பங்கேற்பும் தடைகளும்

சான்றுகள் இருந்தும் இதய மறுவாழ்வில் சேர்வோர் குறைவு. அமெரிக்காவின் முதியோர் மருத்துவக் காப்பீட்டில் 2016இல் தகுதி பெற்றிருந்தவர்களுள் ஏறத்தாழ 24 விழுக்காட்டினரே சேர்ந்தனர். அவர்களுள்ளும் ஏறத்தாழ நான்கில் ஒருவரே 36 அமர்வுகளை முடித்தனர். தொலைவு, செலவு, வேலை, மருத்துவர் எடுத்துரைக்காமை ஆகியன காரணங்கள். பெண்களும் முதியோரும் மேலும் குறைவாகவே பங்கேற்கின்றனர்.

குடும்பத்தின் அன்பும் தடையாகலாம். மாரடைப்பு வந்தவரை ஒரு செம்புத் தண்ணீர் கூடத் தூக்கவிடாமல் பார்த்துக்கொள்வது பரிவின் வெளிப்பாடே. ஆனால் அது 1940களின் படுக்கை விதியை வீட்டுக்குள் மீண்டும் கொண்டுவருகிறது. இதனால் பல மறுவாழ்வுத் திட்டங்கள் நோயாளியுடன் துணைவரையும் அழைத்து, எவ்வளவு இயங்கலாம் என்பதை இருவருக்கும் சேர்த்தே விளக்குகின்றன. மையத்துக்கு வர இயலாதவர்களுக்கு வீட்டிலிருந்தே, தொலைபேசி வழிகாட்டலுடன் செய்யும் திட்டங்களும் உள்ளன; குறைந்த, மிதமான இடருள்ள நோயாளிகளிடம் இவை மையப் பயிற்சிக்கு இணையான பயனைத் தருகின்றன.

இவற்றையும் பார்க்க

மாரடைப்பு
இதயத் தமனி நோய்
உயர் குருதி அழுத்தம்
இதயச் செயலிழப்பு
நீரிழிவு நோய்